கடலில் செல்லும் தொலைக்காட்சித் தட்டு: எல்.என்.பி. மாற்றமும் திருகுகோணக் கணக்கும்

வீட்டுக் கூரையில் தொலைக்காட்சித் தட்டைப் பொருத்துகின்றவர் அதனை விண்கோளை நோக்கி ஒருமுறை திருப்பி, படம் தெளிந்ததும் திருகாணிகளை முறுக்கிவிட்டு இறங்கிவிடலாம். வீடு நகர்வதில்லை, விண்கோளும் நின்ற இடத்திலேயே நிற்பதுபோலத் தோன்றும். கப்பலின் மேல்தளத்தில் பொருத்தப்படும் தட்டுக்கு அவ்வசதி இல்லை. கப்பல் முன்னேறுகிறது, திரும்புகிறது, அலையில் உருள்கிறது. இவ்வளவுக்கும் ஈடுகொடுத்துத் தட்டானது வானத்தில் ஒரே புள்ளியை நோக்கிக்கொண்டிருத்தல் வேண்டும். அதனினும் நுட்பமான கடமை ஒன்றும் அதற்கு உண்டு. அலையை வாங்கும் சிறு பெட்டி, கப்பல் இடம் மாற மாறத் தன் அச்சிலேயே சிறிது சிறிதாகச் சுழன்று கொடுத்தல் வேண்டும். மலாக்கா நீரிணையில் ஓடும் கலங்களுக்கு இச்சுழற்சியே தலையாயது. பழுதுபார்ப்போர் எளிதில் தவறவிடுவதும் இதுவே.

அப்பெட்டியை மாற்றுவது எங்ஙனம், மாற்றியபின் சரியான கோணத்தில் நிறுத்துவது எங்ஙனம் என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

கவிகையின் உள்ளே

துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களின் உச்சியில் வெண்ணிறக் குடத்தைக் கவிழ்த்து வைத்தாற்போன்ற மூடிகளைக் காணலாம். அவற்றுட் சில தொலைபேசிக்கும் இணையத்துக்கும் உரியவை; சில தொலைக்காட்சிக்கு உரியவை. கண்ணாடி இழையாலான அம்மூடி மழையையும் உப்புக் காற்றையும் தடுக்கும். வானொலி அலைகளைத் தடுக்காது. சிறு கலங்களில் மூடியின் உள்ளே இருக்கும் தட்டு 45 அல்லது 60 சென்டிமீட்டர் அகலமுடையது. அதனை நாற்றிசையும் திருப்ப ஒரு மோட்டார். மேலும் கீழும் சாய்க்க மற்றொன்று. கப்பலின் அசைவை உணர்ந்து சொல்ல 'கைரோ' என்னும் உணரிகள். இவற்றையெல்லாம் ஆளக் கப்பலின் உள்ளறையில் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. இவ்வளவும் ஒரு பொருளுக்காகவே உள்ளன. தட்டு குவித்துத் தரும் அலையை வாங்கும் எல்.என்.பி. என்னும் சிறு பெட்டியே அப்பொருள். அது தட்டின் குவிமுனையில் இருக்கும். எதிரே சிறு தகடு வைத்த அமைப்பாயின் தட்டின் நடுவே பின்புறத்தில் இருக்கும்.

எல்.என்.பி. செய்யும் வேலை இரண்டு. முதலாவது, 35,786 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வந்து சேரும் மிக மெலிந்த அலையை, தன் இரைச்சலை அதனோடு அதிகம் கலவாமல் பெருக்குதல். இரண்டாவது, அதன் அதிர்வெண்ணைக் குறைத்தல். 11 அல்லது 12 கிகா ஹெர்ட்ஸ் அலையைச் சாதாரணக் கம்பியில் அனுப்பினால் வழியிலேயே பெரும்பகுதி அழிந்துவிடும். ஆதலின் எல்.என்.பி. தனக்குள்ளேயே ஓர் அலையை உண்டாக்கி, வந்த அலையினின்று அதனைக் கழிக்கிறது. உலகெங்கும் பரவலாகக் கிடைக்கும் வகையில் இவ்வுள்ளலை 9.75 அல்லது 10.6 கிகா ஹெர்ட்ஸ். 11.5இலிருந்து 9.75 போக மீதி 1.75, அதாவது 1750 மெகா ஹெர்ட்ஸ். இதனைக் கம்பி எளிதில் சுமக்கும். புதிய எல்.என்.பி.யின் உள்ளலை பழையதனின்று வேறானால், அந்த எண்ணைக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் அறிவித்தாக வேண்டும். அறிவியாவிட்டால் தட்டு வானமெங்கும் துழாவித் துழாவி, விண்கோளைக் கடந்தும் அறியாமல் சுற்றிக்கொண்டிருக்கும். இத்தவறு நேர்ந்தால் உடனே தெரிந்துவிடும். ஆகவே அதனால் பெருந்தீங்கு இல்லை. தெரியாமல் ஒளிந்திருக்கும் தவறே கொடிது.

தட்டு தானே திருத்திக்கொள்ளாத பிழை

60 சென்டிமீட்டர் தட்டு 12 கிகா ஹெர்ட்ஸ் அலையை வாங்கும்போது அதன் பார்வை ஏறத்தாழ 3 பாகை அகலமுடையது. நடுக்கோட்டினின்று ஒன்றரைப் பாகை விலகினால் அலையின் ஆற்றல் பாதியாகும். இதனைத் தட்டு தானே கண்டுகொள்ளும். அது ஓயாமல் இடமும் வலமும், மேலும் கீழும் மயிரிழையளவு அசைந்து, எந்தப் பக்கம் ஆற்றல் மிகுகிறதோ அந்தப் பக்கம் சாய்ந்துகொள்கிறது. திசைக்கோணத்திலும் ஏற்றக்கோணத்திலும் பழுதுபார்ப்பவர் சிறு பிழை விட்டாலும் கருவி அதனை மறைத்துக் காத்துவிடும். ஆனால் எல்.என்.பி. தன் அச்சில் திரும்பியிருக்கும் கோணத்தை இம்முறையால் திருத்த இயலாது. அதன் காரணத்தை அறிய அலையின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும்.

வானொலி அலை ஒரு தளத்தில் அதிர்கிறது. இறுகக் கட்டிய கயிற்றின் ஒரு முனையை மேலும் கீழும் ஆட்டினால் கயிறு நெடுக்கைத் தளத்திலும், பக்கவாட்டில் ஆட்டினால் கிடைத்தளத்திலும் நெளிவதைப் போன்றது இது. ஒரே அதிர்வெண்ணில் நெடுக்கை அலையொன்றும் கிடை அலையொன்றும் ஒருங்கே அனுப்பினால் அவை ஒன்றோடொன்று கலவா. ஒரு சாலையில் இரண்டு வண்டிகள் ஒன்றையொன்று ஊடுருவிச் செல்வது போன்ற இவ்வியப்பைப் பயன்கொண்டு, விண்கோள்கள் ஒரே அதிர்வெண்ணில் இருமடங்கு நிகழ்ச்சிகளை அனுப்புகின்றன. எல்.என்.பி.யின் வாயினுள்ளே ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரு சிறு ஊசிகள் உள்ளன. 13 வோல்ட் மின்னழுத்தம் வந்தால் நெடுக்கை ஊசி விழிக்கும். 18 வோல்ட் வந்தால் கிடை ஊசி விழிக்கும்.

ஊசி அலையின் தளத்தோடு ஒத்து நின்றால் முழு அலையையும் வாங்கும். சற்றே திரும்பி நின்றால்? பிரெஞ்சு அறிஞர் எட்டியன் லூயி மாலுஸ் 1809இல் ஒளிக்குக் கண்ட விதி இதற்கும் பொருந்தும். வாங்கும் ஆற்றல் பிழைக்கோணத்தின் கோசைன் வர்க்கமாகும். கணக்கிட்டுப் பார்க்க. 10 பாகை பிழையில் கோசைன் வர்க்கம் 0.97. அதாவது நூற்றுக்கு மூன்று பங்கே இழப்பு. ஆற்றல்மானியின் முள் அசைந்ததாகவே தோன்றாது. தட்டு தன் அசைவால் இதனை உணர்ந்து திருத்த முடியாமைக்குக் காரணம் இதுவே.

ஆனால் நாணயத்துக்கு மறுபக்கம் உண்டு. வேண்டிய அலையில் இழந்த அந்த மூன்று பங்குக்கு ஈடாக, வேண்டாத அலையில் மூன்று பங்கு உள்ளே புகுகிறது. பிழையே இல்லாதபோது அது அறவே இல்லாதிருந்தது. 5 பாகை பிழையில் வேண்டியதற்கும் வேண்டாததற்கும் உள்ள விகிதம் 131க்கு 1. 10 பாகையில் 32க்கு 1. 15 பாகையில் 14க்கு 1. 26 பாகையில் 4க்கு 1. இருபுறமும் ஒரே வலிமையுடன் ஒளிபரப்பு நிகழும் அதிர்வெண்ணில் நான்கில் ஒரு பங்கு இடையூறு என்றால் படம் கட்டங்கட்டமாக உடைந்து நின்றுவிடும். 10 பாகையிலோ தெளிந்த வானத்தில் படம் நன்றாகவே ஓடும். மழைமேகம் ஒன்று குறுக்கிட்டுச் சிறிது வலிமையைக் குறைத்ததும் நின்றுபோகும். அப்போது பழி மழையின் மேல் விழுகிறது.

நிலநடுக்கோட்டின் அருகே

விண்கோள் தன் அலைகளுள் ஒன்றை 'நெடுக்கை' என்றும் மற்றொன்றைக் 'கிடை' என்றும் பெயரிடுவது தன் நிலையிலிருந்து. அதன் நெடுக்கை என்பது பூமியின் அச்சுக்கு இணையானது. அதாவது வடக்குத் தெற்காக அமைந்தது. விண்கோளுக்கு நேர் வடக்கே, அதே தீர்க்கரேகையில் நிற்பவர் தெற்கு நோக்கி அண்ணாந்து பார்த்தால் அந்நெடுக்கை அவருக்கும் நெடுக்கையாகவே தோன்றும். நிலநடுக்கோட்டின் மேல் நிற்பவரோ விண்கோளைப் பார்க்க நேர் மேற்கே நோக்குவார் எனக் கொள்க. அவருக்கு வடக்கு வலக்கைப் பக்கம், தெற்கு இடக்கைப் பக்கம். விண்கோளின் நெடுக்கை அவருக்கு முற்றிலும் கிடையாகப் படுத்துவிடுகிறது. 90 பாகை மாற்றம்! இவ்விரு எல்லைகளுக்கும் இடையே ஒவ்வோர் ஊருக்கும் ஒரு திருகுகோணம் உண்டு. தொழிலாளர் இதனை 'ஸ்கியூ' என்பர்.

கணக்கு கடினமன்று, ஐந்தாம் படிவ மாணவன் செய்துவிடுவான். விண்கோளின் தீர்க்கரேகைக்கும் ஊரின் தீர்க்கரேகைக்கும் உள்ள வேறுபாட்டின் சைன் மதிப்பை, ஊரின் அட்சரேகையின் டேன்ஜன்ட் மதிப்பால் வகுக்க வேண்டும். வருவது திருகுகோணத்தின் டேன்ஜன்ட். மலேசியாவின் மீசாட் விண்கோள்களை எடுத்துக்கொள்வோம். 1996 ஜனவரியில் செலுத்தப்பட்ட மீசாட்-1 தொடங்கி, 2006 டிசம்பரில் மீசாட்-3, 2014 செப்டம்பரில் மீசாட்-3பி, 2022 ஜூனில் மீசாட்-3டி ஆகியவை நிறுத்தப்பட்ட இடம் கிழக்குத் தீர்க்கரேகை 91.5 பாகை. பினாங்கின் தீர்க்கரேகை 100.3, வேறுபாடு 8.8, அதன் சைன் 0.153. பினாங்கின் அட்சரேகை 5.4; அதன் டேன்ஜன்ட் 0.0945. வகுத்தால் 1.62. அந்த டேன்ஜன்ட்டுக்கு உரிய கோணம் 58 பாகை. தட்டின் பின்னால் நின்று விண்கோளை நோக்குபவருக்கு வலஞ்சுழியாக இவ்வளவு திருப்புதல் வேண்டும்.

இவ்வாறே கிள்ளான் துறைமுகத்துக்கு 73 பாகை வரும். சிங்கப்பூருக்கு 84 பாகை. பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே நேர்தூரம் சுமார் 600 கிலோமீட்டர். அத்தூரத்துக்குள் திருகுகோணம் 26 பாகை மாறிவிடுகிறது. இம்மாற்றத்தின் பெருமையை அறிய ஐரோப்பாவை நோக்குக. பிரித்தானியருக்குத் தொலைக்காட்சி வழங்கும் ஆஸ்ட்ரா விண்கோள்கள் கிழக்கு 28.2 பாகையில் உள்ளன. அவற்றுக்கு இலண்டனில் இக்கணக்கின்படி திருகுகோணம் ஏறத்தாழ 21 பாகை. 500 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள எடின்பரோவில் 19 பாகை. இரண்டு பாகைக்குள் அடங்கிவிடுகிறது! அங்கே ஒருமுறை பொருத்திய எல்.என்.பி.யை அதன்பின் தொடாமலே நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பயணம் செய்யலாம். சில விண்கோள்களை அவற்றின் உரிமையாளர் வேண்டுமென்றே சில பாகை சாய்த்து வைப்பதுண்டு. அச்சாய்வை இக்கணக்கோடு கூட்டிக்கொள்ளல் வேண்டும்.

அமெரிக்க நிலை இன்னும் வேறு. அங்கே டைரக்டிவி, டிஷ் நெட்வொர்க் ஆகிய இரு நிறுவனங்களும் சுழல் அலைகளைப் பயன்படுத்துகின்றன. அவ்வலையின் தளம் திருகாணிபோலச் சுழன்றுகொண்டே வருவதால் எல்.என்.பி. எப்படித் திரும்பியிருந்தாலும் கவலையில்லை. சுற்றுலா வண்டிகளின் கூரைத் தட்டுக்காக அந்நாட்டில் எழுதப்படும் வழிகாட்டிகளில் திருகுகோணம் என்ற பேச்சே வராமைக்கு இதுவே காரணம். அவற்றைப் படித்துத் தொழில் கற்ற இளைஞன் கிள்ளானில் ஒரு கப்பல் தட்டைத் திறக்கும்போது, மூன்று திருகாணிகளைக் கழற்றி மூன்று திருகாணிகளை முறுக்கினால் வேலை முடிந்தது என்றே நினைப்பான். அவனைக் குறைகூறுவதற்கில்லை. நூல் எழுதிய நாட்டில் அது உண்மை.

கழற்றுவதும் பூட்டுவதும்

எல்.என்.பி. உண்மையில் கெட்டிருக்கிறதா என்பதை முதலில் உறுதி செய்தல் வேண்டும். ஒரு தளத்து நிகழ்ச்சிகள் மட்டும் வராவிட்டால் பெரும்பாலும் மின்னழுத்தம் மாறவில்லை என்று பொருள். எல்.என்.பி.யின் வாயில்வரை சென்று மானி வைத்துப் பார்த்தால் 13உம் 18உம் மாறி மாறி வருகின்றனவா என்பது தெரிந்துவிடும். வாராவிடில் பிழை கம்பியில்; பச்சை பூத்த இணைப்பு முனையை வெட்டிப் புதிது போட்டாலே போதும். கடற்காற்றில் இவ்விணைப்புகளே முதலில் கெடுகின்றன. நல்ல எல்.என்.பி.யைக் குப்பையில் எறிந்துவிட்டுப் புதியதற்குப் பணம் கொடுத்த கதைகளுக்கு இத்துறையில் பஞ்சமில்லை.

மாற்றியே தீரவேண்டுமெனில், கப்பல் கரையில் கட்டப்பட்டு அசையாமல் நிற்கும் நேரத்தைத் தேர்ந்துகொள்ளல் வேண்டும். இதற்குத் தனிக் காரணம் உண்டு. பினாங்கிலும் கிள்ளானிலும் விண்கோள் ஏறக்குறைய 78 பாகை உயரத்தில், தலைக்கு மேலேயே நிற்கிறது. கப்பல் அப்பக்கமாக 12 பாகை உருண்டால் தட்டின் கணக்கில் விண்கோள் சரியாக உச்சிக்கு வந்துவிடும். இரண்டே அச்சுள்ள தட்டு அப்போது எந்தத் திசையில் திரும்புவதென அறியாமல் சுழலும். அதனோடு திருகுகோணமும் தாறுமாறாகும். உயர்ந்த விலைக் கருவிகளில் மூன்றாவது அச்சு ஒன்று இருப்பது இதற்காகவே. எவ்வகைக் கருவியாயினும் அசையும் கலத்தில் கோணம் வைக்க முற்படுதல் வீண்வேலை.

மின்சாரத்தை நிறுத்தியபின்பே மூடியைத் திறக்கலாம். மின்சாரம் வந்த மறுநொடியே தட்டு தன்னைத்தானே சோதிக்கும் பொருட்டு வேகமாக ஒரு சுற்றுச் சுற்றும். உள்ளே கை இருந்தால் விரல் நசுங்கும். பழைய எல்.என்.பி.யைத் தளர்த்துமுன் அது நின்ற நிலையைப் பென்சிலால் கோடிட்டுக் குறித்தலும், கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளலும் நன்று. அது கழுத்துவளையத்துக்குள் எவ்வளவு ஆழம் நுழைந்திருந்தது என்பதையும் அளந்துகொள்ளல் வேண்டும். சில மில்லிமீட்டர் மாறினாலும் குவிமுனை தப்பும். வாயை மூடியிருக்கும் மெல்லிய தகட்டைத் துளைத்தலோ கீறுதலோ கூடாது. நீர் புகுந்தால் புதியதும் பழையதன் வழியே போகும்.

புதியதன் எடையையும் கவனிக்க. தட்டு ஒரு தராசுபோலச் சமன்செய்து தொங்கவிடப்பட்டது. வெளிச்சந்தையில் மலிவாகக் கிடைத்ததென்று கனத்த எல்.என்.பி. ஒன்றைப் பூட்டினால், மோட்டார் அக்கனத்தை இரவும் பகலும் சுமக்கும். சில திங்களில் பல்வார் தேய்ந்து, முன்னைய செலவைப்போலப் பன்மடங்கு செலவு வைக்கும்.

சுழிநிலை காணுதல்

நீண்ட பயணம் செய்யும் கப்பல்களில் எல்.என்.பி.யைத் திருப்பவும் ஒரு சிறு மோட்டார் உண்டு. ஜி.பி.எஸ். வழியாகக் கப்பல் நிற்கும் இடத்தை அறிந்து, மேலே சொன்ன கணக்கைக் கட்டுப்பாட்டுப் பெட்டியே போட்டு, '58 பாகை திரும்பு' என்று ஆணையிடும். ஆனால் 58 பாகை எங்கிருந்து? எல்.என்.பி.யின் நெடுக்கை ஊசி சரியாக நெடுக்கையில் நிற்கும் நிலையே சுழிநிலை. அங்கிருந்தே எண்ணல் தொடங்கும். புதிய எல்.என்.பி. வளையத்துக்குள் சற்றே திரும்பிப் பூட்டப்பட்டால் கணக்கும் சரி, மோட்டாரும் சரி, வந்து நிற்கும் இடம் மட்டும் தவறு. திருப்பும் சக்கரத்தில் 60 பற்கள் இருந்தால், பல்வார் ஒரு பல் தாண்டிப் பூட்டப்பட்டதற்கு 6 பாகை பிழை. மூன்று பல் தாண்டினால் 18 பாகை; விகிதம் 10க்கு 1ஐ விடவும் தாழ்ந்துவிடும்.

இனி, கருவியின் கையேடு சொல்லும் குறியில் எல்.என்.பி.யைப் பூட்டி, மின்சாரம் தந்து, விண்கோளைத் தட்டு பற்றிக்கொண்டபின் சோதித்தல் வேண்டும். ஆற்றல் மிகும் இடத்தைத் தேடுவதே யாருக்கும் முதலில் தோன்றும் வழி. அது பயனற்ற வழி. உச்சியில் கோசைன் வர்க்கம் தட்டையானது. 10 பாகை இப்பாலும் அப்பாலும் ஒரே அளவு காட்டும். மேசைபோன்ற மலையின் மேல் நின்றுகொண்டு எது நடு என்று கேட்பது போன்றது அது. நடுவை அறிய மலையின் இரு சரிவுகளுக்கும் சென்று, ஒரே உயரமுள்ள இரு புள்ளிகளைக் கண்டு, அவற்றுக்கு இடையே பாதியைக் கொள்ளல் வேண்டும். சூரியன் உச்சிக்கு வரும் கணத்தை நேரே அளக்க முடியாத மாலுமிகள், முற்பகலிலும் பிற்பகலிலும் அது ஒரே உயரத்தில் நின்ற இரு நேரங்களைக் குறித்து, நடுவைக் கணக்கிட்டு நண்பகலை அறிந்ததும் இம்முறையாலேயே.

எனவே தொலைக்காட்சிப் பெட்டியின் திரையில் 'வலிமை'ப் பட்டையை விடுத்துத் 'தரம்' காட்டும் பட்டையை நோக்குக. இரு தளங்களிலும் ஒரே அதிர்வெண்ணில் ஒளிபரப்பு நிகழும் ஓர் அலைவரிசையைத் தேர்ந்தெடுத்தால் பட்டை கூர்மையாகப் பேசும். எல்.என்.பி.யை வலப்பக்கம் சிறிது சிறிதாகத் திருப்பி, படம் உடையும் கோணத்தைக் குறிக்க. பின்னர் இடப்பக்கம் திருப்பி அவ்வாறே குறிக்க. கணக்கிட்ட நிலையிலிருந்து வலப்பக்கம் 31 பாகையிலும் இடப்பக்கம் 19 பாகையிலும் உடைந்தது என்று வைத்துக்கொண்டால், உண்மையான நடு 6 பாகை வலப்புறம் உள்ளது. சுழிநிலையை அவ்வளவு நகர்த்துதல் வேண்டும். மீண்டும் ஒருமுறை அளந்து இருபுறமும் சமமானால் வேலை முடிந்தது. இதற்கு விலையுயர்ந்த கருவியொன்றும் வேண்டுவதில்லை. ஒரு கோணமானியும் அரைமணி நேரப் பொறுமையும் போதும்.

இரு பிழைகளைப் பிரித்தறிதல்

பழுது நீங்கியதாக எண்ணிப் புறப்பட்ட கப்பலில் மறுபடியும் படம் உடைந்தால், அது எங்கே எப்படி உடைந்தது என்று கேட்டறிதல் இன்றியமையாதது. சுழிநிலை தவறாயின் அப்பிழை எத்துறைமுகத்திலும் ஒரே அளவாய் இருக்கும். பினாங்கிலும் மழைக்கு நிற்கும், சிங்கப்பூரிலும் மழைக்கு நிற்கும். எல்.என்.பி.யைத் திருப்பும் மோட்டார் இயங்காவிட்டாலோ, அல்லது திருப்பும் மோட்டாரே இல்லாத சிறு கருவியாயினோ, நடப்பது வேறு. பினாங்கில் 58 பாகையில் வைத்தது கிள்ளானுக்கு வரும்போது 15 பாகை பிழையாகும். அங்கே மழைக்கு மட்டும் நிற்கும். சிங்கப்பூரில் 26 பாகை பிழையாகி, வெயிலிலும் நிற்கும்.

இதனை அறியாத உரிமையாளர் புதிய எல்.என்.பி. போலியானது என்று முடிவுகட்டுகிறார். பூட்டிய தொழிலாளியின் கூலி பிடித்தம் செய்யப்படுகிறது. சிங்கப்பூரில் மற்றொருவர் மூன்றாவதாக ஒன்றைப் பூட்டி, அவ்வூருக்கு ஏற்ப 84 பாகையில் நிறுத்திப் படம் காட்டிவிடுகிறார். கப்பல் வடக்கே திரும்பிப் பினாங்கை அடையும்போது அதுவும் 'கெட்டுப்போகிறது'. கெட்டவை எல்.என்.பி.க்கள் அல்ல. அவற்றுள் எதுவும் கெடவில்லை. கூலியை இழந்தவன் கையில் திருகுகோணக் கணக்கெழுதிய ஒரு துண்டுத்தாள் இருந்திருந்தால், அதைக் காட்டியே தன் வேலையை மெய்ப்பித்திருப்பான். மோட்டார் இல்லாத கருவியைப் பொருத்துகின்றவர்கள், ஒவ்வொரு துறைமுகத்துக்கும் உரிய கோணத்தை மூடியின் உட்புறத்தில் அழியாத மையால் எழுதிவைத்து, வளையத்தில் அவ்விடங்களைக் கீறிக் காட்டிவிடுதல் இருசாராருக்கும் நலம். நீரிணைக்குள் மட்டும் ஓடும் கலமாயின் நடுவான 71 பாகையில் நிறுத்திவிடலாம். அப்போது இரு கோடியிலும் பிழை 13 பாகைக்கு மேற்போகாது; தெளிந்த வானத்தில் படம் வரும்.

நீரிணையை விட்டு வெளியேறும் கப்பல்களுக்கு மற்றொன்றையும் பார்த்தல் வேண்டும். தெற்கே நிலநடுக்கோட்டைக் கடந்தால் திருகுகோணம் 90ஐத் தாண்டி வளர்ந்துகொண்டே போகும். ஜாக்கர்த்தாவில் அது 112 பாகை. மேற்கே, முன்னாளில் ரஜூலா கப்பல் தமிழரை ஏற்றிவந்த வழியே சென்னைக்குச் சென்றாலோ, வங்கக் கடலில் 91.5 பாகைத் தீர்க்கரேகையைக் கடக்கும்போது கோணம் சுழியாகி, அப்பால் இடஞ்சுழியாக வளர்ந்து, சென்னையில் 40 பாகையாகும். விண்கோளின் கதிர் அவ்வளவு தூரமும் எட்டுமாயின், பினாங்கிலிருந்து சென்னைவரை எல்.என்.பி. மொத்தம் 98 பாகை திரும்ப நேரும். ஆகவே பூட்டும்போது கம்பியை இறுக்கிக் கட்டிவிடாமல், எல்.என்.பி.யைக் கையால் இரு எல்லைவரையும் திருப்பிப் பார்த்து, எங்கும் கம்பி இழுபடாதபடி தளர்த்தி வளைத்து விட்டபின்பே மூடியை மூடுதல் வேண்டும்.